உங்கள் வீட்டுக்கு எந்தக் கிளி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள், இருவருக்கும் 60 வயது கடந்துவிட்டது. டர்பனில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பதால், பேச்சுத் துணைக்கு ஒரு கிளி வளர்க்க நினைக்கிறோம். நன்றாகப் பேசும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்கு லேசான ஆஸ்துமா உண்டு. உங்கள் ஆலோசனை என்ன?
— ஒரு வாசகி, டர்பன்

பதில்: அம்மா, உங்கள் கணவர் விரும்பும் கிளி உலகிலேயே மிக நன்றாகப் பேசும் கிளிதான். ஆனாலும் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். நல்ல உணவும் கவனிப்பும் கிடைத்தால் சாம்பல் கிளி 40 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இன்று நீங்கள் வாங்கும் குஞ்சு உங்கள் காலத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அப்போது அதை ஏற்றுக்கொள்ள மனமும் இடமும் உள்ள ஒருவர் இப்போதே உறுதியாக இல்லையென்றால், கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதையாக முடிந்துவிடும்.

ஆஸ்துமா இன்னொரு காரணம். சாம்பல் கிளி, கொண்டையுள்ள கிளிகளான காக்கட்டூ, காக்கட்டீல் ஆகியவற்றின் உடலில் ஒருவகை மென்தூவி இருக்கிறது. அது ஓயாமல் உதிர்ந்து வெண்மாவு போலப் பொடியாகும். காலையில் துடைத்த மேசையில் மாலைக்குள் விரலால் கோடு போடலாம். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இந்த மூன்றையும் தவிர்ப்பது நல்லது. மற்ற இனங்களில் இந்தப் பொடி குறைவே தவிர, அறவே இல்லாமல் இல்லை. ஆகவே முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பிறகு பறவை வளர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

மருத்துவர் சம்மதித்தால் உங்களுக்குப் பொருத்தமானது, நம்மவர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் சிறு கிளியான பட்ஜியில் ஓர் இளம் ஆண். சிறு பறவை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 30 முதல் 40 கிராம் எடையே உள்ள அந்த உடலுக்குள் பேச்சு நிறைந்து கிடக்கிறது. சில ஆண் பட்ஜிகள் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைக் கற்றதுண்டு. குரல் மெல்லியது, வேகமும் அதிகம் என்பதால் காதை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். என் வீட்டுப் பட்ஜி மதியத் தூக்கத்துக்கு முன் ஒற்றைக்காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அன்று கேட்டதையெல்லாம் தனக்குள் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பில் “சாப்பிட்டியா” என்ற ஒரு சொல் தெளிவாக வந்து விழும்போது மனம் நெகிழ்ந்துபோகும். பட்ஜியின் ஆயுள் 5 முதல் 10 ஆண்டுகள். உங்கள் வயதுக்கு அது ஏற்ற கணக்கு. அதன் குரல் பக்கத்து வீட்டுச் சுவரையும் தாண்டாது.

பறவை எதுவானாலும், கூண்டு சமையலறையிலும் பூசையறையிலும் இருக்கக் கூடாது. பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்திருப்பதால் காற்றிலுள்ள நஞ்சு நம்மைவிட மிக விரைவாக அதன் உடலில் ஏறும். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரப் புகை எல்லாமே கெடுதல். அவற்றைவிடக் கொடியது நான்ஸ்டிக் தோசைக்கல். வெறுங்கல் அடுப்பில் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அதன் பூச்சிலிருந்து நிறமற்ற வாயு எழும். அடுத்த அறையில் இருக்கும் பறவைகூடச் சில நிமிடங்களில் இறந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியில் பேசிக்கொண்டே கல்லை மறந்துவிட்டு, நான் இரண்டு காக்கட்டீல்களை இப்படிப் பறிகொடுத்தேன். அதன் பிறகு என் வீட்டில் இரும்புக்கல் மட்டுமே இருக்கிறது.

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மாலை 6 மணிக்குத்தான் வீடு திரும்புவோம். சாம்பல் கிளிக் குஞ்சு ஒன்று விலைக்கு வருகிறது. நாங்களே கையால் கூழ் ஊட்டி வளர்த்தால்தான் ஒட்டிக்கொள்ளும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: வாங்க வேண்டாம், ஐயா. 11 மணி நேரத் தனிமையைச் சாம்பல் கிளியால் தாங்க முடியாது. ஐரீன் பெப்பர்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் வளர்த்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி நிறங்களையும் வடிவங்களையும் சிறு எண்களையும் சொல்லால் குறித்துக் காட்டியது. 2007-ல் அது 31 வயதில் இறந்தது. அத்தகைய அறிவுள்ள உயிரை ஒரு கம்பிக் கூண்டில் நாள் முழுவதும் சும்மா இருக்கச் சொல்வது கொடுமை. வேலைக்குப் போகும் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஒரு சாம்பல் கிளியைப் பார்த்தேன். தலையில் மட்டும் சிறகுகள் சீராக இருந்தன; மார்பில் எல்லாவற்றையும் தானே பிடுங்கிவிட்டதால் வெளிறிய தோல் தெரிந்தது. நான் இருந்த நேரம் முழுவதும் அது வாசல் கேட்டின் மோட்டார் திறக்கும் ஓசையையே திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தது. அந்த வீட்டாரின் வரவை அறிவிக்கும் ஓசை அதுதான்.

கையால் ஊட்டினால்தான் பாசம் வரும் என்பதும் தவறு. பழக்கமில்லாதவர் கூழைச் சற்றுக் கூடுதலான சூட்டில் கொடுத்தால் குஞ்சின் கழுத்தடியிலுள்ள தீனிப்பை வெந்துவிடும். ஊட்டும் விதம் பிசகினால் கூழ் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். எந்த இனமானாலும், தானாகத் தின்னப் பழகிய குஞ்சையே வாங்குங்கள். நாளும் பொறுமையாகப் பழகினால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். பின்னாளில் சாம்பல் கிளி வாங்கும் சூழல் அமைந்தால், குஞ்சுப் பருவத்திலேயே காலில் மாட்டிய, இணைப்பில்லாத முழு வளையமும் பிறப்பிடம் காட்டும் ஆவணமும் உள்ளனவா என்று பாருங்கள். காட்டில் பிடித்து விற்றதால் இந்த இனம் மிகவும் அருகிப் போனது. 2016-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்த, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாட்டில்தான் இதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பு கிடைத்தது.

உங்கள் வேலை நேரத்துக்கு இரண்டு காக்கட்டீல்கள் ஒத்துவரும். ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்கும். நீங்கள் வந்ததும் வெளியே விட்டால் தோளில் வந்து அமரும். ஒற்றையாக வளர்வதைப் போல அவ்வளவு ஒட்டுதல் இராது என்பது உண்மைதான். அவை தனியே தவிக்காமல் இருப்பதற்காக நீங்கள் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். காக்கட்டீல்கள் 15 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடியவை. இரவில் திடீர் ஓசை கேட்டால் மிரண்டு கூண்டில் மோதி இறக்கையை உடைத்துக்கொள்ளும். ஆகவே தீபாவளி வெடிச் சத்தம் கேட்கும் இரவுகளில் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, சிறு விளக்கு ஒன்றை எரியவிடுங்கள்.

கேள்வி: என் 8 வயது மகள் லவ் பேர்ட்ஸ் கேட்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தமிழில் நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் பட்ஜிகளையே. இங்குள்ள கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் நமீபியாவையும் நம் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு வறண்ட பகுதியையும் தாயகமாகக் கொண்ட, இளஞ்சிவப்பு முகமுள்ள வேறொரு பறவையைத்தான் காட்டுவார்கள். அது அழகானது, ஆனால் அதன் அலகு குழந்தையின் விரலில் இரத்தம் வரவழைக்கும். மகளுக்குப் பட்ஜி வாங்கிக் கொடுங்கள். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் மூக்குத்துளையைச் சுற்றிய பகுதி நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். தண்ணீரும் தீனியும் வைக்கும் பொறுப்பைக் கடைசி வரை பெரியவர் ஒருவரே ஏற்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குப் பச்சைக்கிளிகள் கூட்டமாக வருகின்றன. ஆண்டாள் தோளில் இருக்கும் கிளியாயிற்றே, ஒன்றைப் பிடித்து வளர்க்கலாம் என்கிறார் என் மாமியார். பிடிக்கலாமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: மாமியாரின் ஆசை எனக்குப் புரிகிறது, ஆயினும் பிடிக்க வேண்டாம். செந்தார்ப் பைங்கிளி எனப்படும் அந்தக் கிளி இந்த மண்ணுக்கு உரியது அன்று. கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழிவந்த கூட்டங்களே இன்று டர்பனில் பறக்கின்றன. வெளியில் வளர்ந்த கிளி கைக்கு எளிதில் பழகாது. பயத்தில் தீனியைத் தொடாமல் கிடக்கும். சிறகும் அலகும் சிதைந்துபோகும் தொற்றுநோய் ஒன்று கிளிகளிடையே பரவுகிறது. பிடித்து வரும் கிளியோடு அதுவும் உங்கள் வீட்டுக்குள் வரக்கூடும்.

மாமியாருக்கு அதே இனம்தான் வேண்டுமென்றால் கூண்டில் பிறந்த குஞ்சு கிடைக்கும். அது தெளிவாகப் பேசும், 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆனால் தடவிக் கொடுப்பதை அவ்வளவாக விரும்பாது. முதல் ஆண்டில் சில மாதங்கள் கையைக் கண்டாலே சீறிக் கடிக்க வரும். அந்தப் பருவத்தில்தான் பலர் மனம் வெறுத்து அதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறார்கள். கூண்டை வராந்தாவில் மாட்டுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பகுதியில் சுற்றும் வெர்வெட் குரங்குகள் பறவைக் குஞ்சுகளைத் தின்பவை. கம்பிகளுக்கு இடையே கைவிட்டுக் கிளியைப் பிடித்துவிடும். வெளிப்புறத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டாவது வலை அடியுங்கள். மாலையானதும் கூண்டை உள்ளே எடுத்து வையுங்கள்.