வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது பின்சில்லுகளில் ட்றம் பிறேக் உள்ள 15 வருடப் பழைய சிறிய ஜப்பானியக் கார். ஹாண்ட் பிறேக்கை இழுத்தால் 12, 13 ‘டக்’ சத்தங்களுக்குப் பின்னரே பிடிக்கிறது. அதுவும் முழுப் பிடியாக இல்லை. வருகிற பாடசாலை விடுமுறையில் குடும்பத்துடன் நுவரெலியா போக எண்ணியிருக்கிறோம். ஹாண்ட் பிறேக்கின் அடியில் இருக்கும் நட்டை இரண்டு சுற்று இறுக்கினால் போதும், கராஜுக்குப் போகத் தேவையில்லை என்று மைத்துனர் சொல்கிறார். நானே செய்யலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: செய்யலாம். ஆனால் உங்கள் மைத்துனர் சொல்வது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் செய்வதுதான் நம்மில் பலர் விடும் பிழை. நானும் விட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னர் அந்த நட்டைச் சுற்றி என் வானின் ஹாண்ட் பிறேக் கேபிளை மட்டும் இறுக்கிவிட்டு, நன்றாகப் பிடிக்கிறது என்ற மகிழ்ச்சியில் கிளிநொச்சிக்குப் புறப்பட்டேன். கொடிகாமம் தாண்டுவதற்குள் கருகிய மணம் வந்தது. இறங்கிப் பார்த்தபோது இடப்பக்கப் பின்சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடு.

ஹாண்ட் பிறேக் தளர்வதற்குக் கேபிள் நீள்வது ஒரு காரணந்தான். பெரும்பாலும் நடப்பது, ட்றம்முக்குள் (சில்லோடு சேர்ந்து சுற்றும் உருளை) இருக்கும் பிறேக் சூக்கள் (அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டுகள்) தேய்ந்து, அவற்றுக்கும் ட்றம்முக்கும் இடையிலான வெளி கூடிவிடுவதாகும். அந்த வெளியைத் தானாகவே குறைப்பதற்காக உள்ளே பற்சக்கரம் போன்ற ஒரு சிறு அமைப்பு உண்டு. கேபிளை அளவுக்கு மீறி இறுக்கினால், சூவோடு இணைந்த சிறு நெம்புகோல் தனது ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல் போகிறது. பல கார்களில் அதன் விளைவாக அந்தத் தானியங்கி அமைப்பும் வேலை செய்யாமல் நின்றுவிடும். ஆகவே வெளியே கேபிள் இறுகியிருக்க, உள்ளே சூக்கள் தேய்ந்துகொண்டே போகும். முதலில் சூ, அதன் பின்னரே கேபிள் என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

சமதளமான சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பனங்குற்றித் துண்டுகள் இதற்கு மிகவும் பொருத்தம். செம்மண் முற்றத்தில் ஜக் புதைந்து சரியும், ஆகையால் முற்றம் வேண்டாம். முன்சில்லால் ஓடும் கார் என்றால் கியரில் விடலாம். பின்சில்லால் ஓடுவதென்றால் நியூட்ரலில் இருந்தால்தான் சில்லு கையால் சுற்றும். ஹாண்ட் பிறேக்கை முற்றாக விடுவித்துவிட்டு, பின்பகுதியை உயர்த்தி, கட்டாயமாக இரும்புத் தாங்கிகளின் மேல் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையை நீட்டக்கூடாது.

பின்னர் பின்சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். எதிலும் உரசாமல் நெடுநேரம் சுற்றினால், சூ தூர நிற்கிறது என்று கொள்ளலாம். பல கார்களில் ட்றம்மின் பின்தட்டில் இறப்பர் மூடியிட்ட ஒரு சிறு துவாரம் இருக்கும். மூடியைக் கழற்றி, தட்டையான ஸ்குறூ ட்றைவரை உள்ளே விட்டால் பற்சக்கரம் தட்டுப்படும். ஒவ்வொரு பல்லாக நகர்த்தி, சில்லு கையால் சுற்ற முடியாதபடி இறுகும்வரை கொண்டுவந்து, பிறகு சில்லு தடையின்றி, மெல்லிய உரசல் சத்தம் மட்டும் கேட்கச் சுற்றும்வரை பின்னோக்கித் தளர்த்துங்கள். மற்றப் பக்கத்திலும் அவ்வாறே செய்து, கால் பிறேக்கைப் பலமுறை நன்றாக மிதித்து, இரு சில்லுகளையும் மீண்டும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

துவாரம் இல்லாத கார்களில் ட்றம்மைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் சூவின் தடிப்பையும் பார்த்துவிடுங்கள். தேய்ந்து உலோகத்தை நெருங்கியிருந்தால் இறுக்குவதில் பயனில்லை, மாற்ற வேண்டும். உள்ளே படிந்திருக்கும் கரும்தூசை வாயால் ஊதவோ காற்றடித்து அகற்றவோ கூடாது. பழைய சூக்களில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

இத்தனைக்கும் பின்னர் ஹாண்ட் பிறேக்கை இழுத்துச் சத்தங்களை எண்ணுங்கள். பல சமயங்களில் கேபிளைத் தொடாமலே எண்ணிக்கை சரியாகிவிடும். சிறிய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் 5 முதல் 9 வரை இருக்கலாம். உங்கள் காரின் கைநூலில் உள்ள எண்ணிக்கையே இறுதியானது. அதற்கு மேல் வந்தால், இப்போது மைத்துனர் சொன்ன நட்டுக்குப் போகலாம். அரைச் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள். (மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் காரில் இரு கேபிள்களுக்கும் தனித்தனி நட்டு உண்டு, இரண்டையும் சமமாக இறுக்க வேண்டும்.) முடிவில் ஹாண்ட் பிறேக்கை விடுவித்ததும் இரு சில்லுகளும் தடையின்றிச் சுற்ற வேண்டும், இழுத்ததும் இரண்டும் ஒருமிக்க நிற்க வேண்டும்.

சோதிப்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே என்று கேட்பீர்கள். நமது மண் தட்டையாக இருப்பதால்தான் ஹாண்ட் பிறேக் பழுதானதே நமக்குத் தெரியாமல் போகிறது. இறம்பொடை வளைவுகளில் நிறுத்தும்போதுதான் தெரியவரும். ஒரு மதகின் ஏற்றத்தில், பின்னால் யாரும் நில்லாதபோது, கால் பிறேக்கில் பாதம் தயாராக இருக்கச் சோதியுங்கள். அதன் பிறகு 5 கிலோமீற்றர் ஓடிவந்து, புறங்கையை இரு பின்சில்லுகளுக்கும் அருகே, தொடாமல், கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அந்தப் பக்கம் இழுபடுகிறது. பயணத்துக்கு முன்னர் சீர்செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: மூன்று கிழமை கொழும்பில் நின்றுவிட்டு வந்தபோது, ஹாண்ட் பிறேக் போட்டு நிறுத்தியிருந்த கார் நகர மறுத்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, வேலணை

பதில்: கடற்காற்றில் கேபிளின் உறைக்குள் துரு ஏறியிருக்கும், அல்லது சூ ட்றம்மோடு ஒட்டியிருக்கும். ஹாண்ட் பிறேக்கை விடுவித்துவிட்டு, முன்னுக்கும் பின்னுக்குமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். இளகாவிட்டால், சில்லைக் கழற்றி ட்றம்மின் ஓரத்தை மரச்சுத்தியலால் தட்டினால் ஒட்டியது பெரும்பாலும் விட்டுவிடும். அதன் பின்னரும் சூவோடு இணைந்த நெம்புகோல் இலகுவாகத் திரும்பாவிட்டால் கேபிள்தான் காரணம். உறைக்கு வெளியே எண்ணெய் பூசுவதால் உள்ளே இருக்கும் துரு போகாது, கேபிளை மாற்றிவிடுங்கள். இனி நெடுநாள் நிறுத்துவதானால், கியரில் விட்டு, சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஹாண்ட் பிறேக்கைப் போடாமல் விடுங்கள்.

கேள்வி: பொத்தானை அழுத்தினால் பிடிக்கும் ஹாண்ட் பிறேக்கையும் வீட்டில் சரிசெய்யலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: வேண்டாம். அதில் மின்மோட்டார்தான் பிறேக்கைப் பிடிக்கிறது. பின்பக்க பிறேக்கில் கைவைப்பதற்கு முன்னர் மோட்டாரைப் பழுதுபார்ப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பல கார்களில் அதற்குக் கணினிக் கருவி தேவை. அந்தக் கருவி உள்ள கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள்.