லேன் பிரூட்டலிஸ்ட் அலமாரியில் கழன்ற மரக்கட்டையை எப்படி ஒட்டுவது?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் லேன் கம்பெனி 1970களில் செய்த, முகப்பில் வால்நட் கட்டைகள் மேடும் பள்ளமுமாக நிற்கும் டிராயர் அலமாரிதானே? அப்படியே ஒட்டாதீர்கள். காய்ந்த பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது. இரு பக்கமும் உளியால் சுரண்டி மரம் தெரிய வையுங்கள். ஃபெவிகாலை மெல்லிசாகப் பூசி, ரேகை ஓடும் திசை பார்த்துப் பொருத்துங்கள். இந்த மேடுபள்ளத்தில் கிளாம்ப் உட்காராது. டிராயரை உருவி, முகப்பு மேலே பார்க்க நிறுத்தி, கட்டைமேல் சின்ன மணல் பையை ஒருநாள் வையுங்கள். பிதுங்கிய பசையை உடனே ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது. உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம்: வெனீர், அதாவது மேலே ஒட்டிய மரத்தோல், மெல்லியது; தேய்ந்தால் அடிப்பலகை பல்லிளிக்கும்.

தயாரிப்புத் தேதிக்கு, பின்புற சீரியல் எண்ணை வலமிருந்து இடமாக வாசியுங்கள்: 472170 என்றால் 1974 ஜூலை 12.