கணக்கு இல்லாதது குற்றமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 31. கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாக வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் எதிலும் நான் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்பவனுக்கு விளம்பரம் எதற்கு என்பதே என் எண்ணம். ஆனால், என்னிடம் வேலை கற்ற ஒருவன், நாங்கள் சேர்ந்து முடித்த இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) சோதனையைப் படம் பிடித்து லிங்க்ட்இனில் போட்டு, அதன் வழியாகவே என்னைவிட அதிகச் சம்பளத்தில் சென்னைக்குப் போய்விட்டான். போன மாதம் ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகும் நேரத்தில், "எங்கே தேடினாலும் ஆளைக் காணோமே, எதை மறைக்கிறார்?" என்று பெண்ணே கேட்டதாகத் தரகர் சொன்னார். விளம்பரம் செய்யாமல் ஒழுக்கமாக இருப்பதும் குற்றமா? கல்யாணத்துக்காகவாவது ஒரு கணக்கைத் தொடங்கு என்று அம்மாவும் நச்சரிக்கிறார். (இன்ஸ்டாகிராமில் பெயரோ படமோ இல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது, கல்லூரி நண்பர்களின் ஸ்டோரிகளைப் பார்க்க மட்டும்தான். தினமும் தவறாமல் வந்து பார்க்கும் இந்த ஆள் யார் என்று ஒருவன் அதிலேயே கேட்டிருந்தான். அன்றோடு அவனுடையதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அது வேறு விஷயம்.) திறமைக்கும் ஒழுக்கத்துக்கும் மதிப்பில்லாத காலத்தில் நான் என்னதான் செய்வது?

அன்புள்ள நண்பருக்கு,

வேறு விஷயம் என்று நீங்கள் அடைப்புக்குள் ஒதுக்கியதுதான் எனக்கு விஷயமாகப் படுகிறது. எதிலும் இல்லை என்று தொடங்கிய கடிதம், முடிவதற்குள் ஒரு கணக்கை ஒப்புக்கொள்கிறது. ஸ்டோரி போட்டவருக்கு, யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் தெரியும். அது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் நாள்தோறும் அவர் வாசலில் போய் நின்றிருக்கிறீர்கள்; யாரது என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் ஓடிவிட்டீர்கள். "நான்தான்டா" என்று ஒரு சொல் எழுத ஏன் கை வரவில்லை? உங்கள் வாழ்க்கையை நண்பர்களின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்தால் குறைவாகத் தெரியுமோ என்ற கூச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சத்துக்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டதால்தான், தம் வேலையை நாலு பேருக்குக் காட்டுபவர் எல்லோரும் உங்களுக்கு விளம்பரப் பிரியர்களாகத் தெரிகிறார்கள். சென்னை சென்ற இளைஞர் சோதனையில் உங்கள் பங்கைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது தவறு. ஆனால் விட்டார் என்று நீங்களும் எழுதவில்லையே.

அந்தப் பெண்ணை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஜாதகத்தில் நட்சத்திரமும் சம்பளமும் இருக்கும். ஆள் யாரோடு பழகுவார், எதற்குச் சிரிப்பார் என்பது இருக்காது. ஊரார், உறவினர் வழியாக வீட்டுப் பெரியவர்கள் விசாரிப்பதை, அவர் தம் கைக்கு எட்டிய வழியில் விசாரித்திருக்கிறார். அவருடைய ஊகமும் முற்றிலும் தப்பில்லை: நீங்கள் மறைத்தது தீயதல்ல, ஆனால் மறைத்தீர்கள்.

வேலைக்கு லிங்க்ட்இன் உதவும். நிறுவனங்கள் அங்கே ஆள் தேடுகின்றன, படிப்பையும் செய்த வேலையையும் எழுதி வைத்தால் போதும். கல்யாணத்துக்கு இன்ஸ்டாகிராம் கட்டாயமில்லை, நேரில் ஒருமுறை பேசலாமா என்று கேட்டிருந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

இந்த வாரமே அந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, தினமும் பார்த்தது நீங்கள்தான் என்று சொல்லுங்கள். அம்மா சொல்லும் கணக்கைத் தொடங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.