லேண்ட்லைன் நிறுவனத்தை மாற்றினால், எண்ணுக்கு முன்னால் அழுத்தும் குறியீடு வேலை செய்யுமா?

கிழக்கு லண்டனில் தனியாக வசிக்கும் உங்கள் பெரியம்மா, பல ஆண்டுகளாக பி.டி. (பிரிட்டிஷ் டெலிகாம்) இணைப்பில் ஐந்து இலக்கக் குறியீடு ஒன்றை முதலில் அழுத்தி, அதன் பின் யாழ்ப்பாணத்து எண்ணை அழுத்திக் குறைந்த செலவில் பேசி வருகிறார் என்றும், கட்டணம் குறைவான வேறொரு நிறுவனத்துக்கு இணைப்பை மாற்றினாலும் அந்தக் குறியீடு பயன்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்றைய நிலையில் மாற்றினால், அநேகமாகப் பயன்படாது. ஏன் என்பதை விளங்கிக்கொண்டால், அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு தடைபடாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதும் விளங்கும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். இதே தவறை நான் ஒருமுறை செய்து, அதற்கான பணத்தையும் கட்டியவன்.

அந்தக் குறியீட்டுக்கும் உங்கள் வீட்டுத் தொலைபேசிக் கருவிக்கும் தொடர்பில்லை. கருவி எண்களை அனுப்புவதோடு சரி. வீட்டிலிருந்து செல்லும் கம்பி எந்த இணைப்பகத்தில், எந்த இயந்திரத்தில் போய் முடிகிறதோ, அந்த இயந்திரம்தான் 18185 போன்ற ஒரு குறியீட்டைக் கண்டதும், “இந்த அழைப்பை நாம் கொண்டுசெல்ல வேண்டியதில்லை, இன்ன நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும்” என்று முடிவெடுக்கிறது. ஒப்படைக்கப்பட்ட நிறுவனம், அழைக்கும் வீட்டின் எண்ணைப் பார்த்துத் தன் வாடிக்கையாளரை அடையாளம் கண்டு, அழைப்பை அப்பால் கொண்டுசென்று, தனியாகக் கணக்கு எழுதுகிறது. ஆகவே யாருக்கு மாத வாடகை கட்டுகிறோம் என்பதைவிட, கம்பி யாருடைய இயந்திரத்தில் முடிகிறது என்பதே இங்கே முக்கியமான கேள்வி.

பிரிட்டனில் இந்த ஏற்பாடு புதிதல்ல. 1982-இல் உரிமம் பெற்ற மெர்க்குரி நிறுவனம், பி.டி.யின் கம்பி வழியாகவே வாடிக்கையாளர்கள் தன்னிடம் வந்து சேரும்படி 131, 132 ஆகிய குறியீடுகளை வைத்திருந்தது. அதற்கென்று நீலப் பொத்தான் வைத்த தொலைபேசிகளும் விற்கப்பட்டன. பின்னர், 2000-க்குப் பிறகு, ஒவ்வொரு முறையும் குறியீடு அழுத்தத் தேவையில்லாமல், அழைப்புகள் தாமாகவே வேறு நிறுவனத்துக்குப் போகும்படி இணைப்பகத்திலேயே முன்கூட்டிப் பதிந்துவைக்கும் முறை வந்தது. உள்நாட்டு அழைப்புகளை மட்டும், வெளிநாட்டு அழைப்புகளை மட்டும், அல்லது எல்லா அழைப்புகளையும் அப்படி மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்தப் பதிவை மீறி, ஓர் அழைப்பை மட்டும் மீண்டும் பி.டி. வழியாக அனுப்ப விரும்பியவர்கள் 1280 என்று அழுத்திவிட்டு, பகுதிக் குறியீட்டுடன் முழு எண்ணையும் அழுத்தினார்கள். பெரியம்மா பயன்படுத்தும் குறியீடும் 1280-உம் ஒரே வகையைச் சேர்ந்தவை. பதிந்துவைத்த வழியை அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் விலக்கிவிடுபவை.

குழப்பம் தொடங்கியது வேறு நிறுவனங்கள் அழைப்புகளை மட்டுமன்றி இணைப்பையே விற்கத் தொடங்கியபோதுதான். அது இரண்டு வகையில் நடந்தது. ஒரு வகையில், நிறுவனம் பழைய இணைப்பை மொத்த விலைக்கு வாங்கித் தன் பெயரில் விற்றது; கம்பி அப்போதும் பி.டி.யின் இயந்திரத்திலேயே முடிந்ததால், அந்த நிறுவனம் வேண்டுமென்றே தடுத்து வைத்தாலொழிய, குறியீடுகள் முன்போலவே வேலை செய்தன. மற்ற வகையில், நிறுவனம் இணைப்பகக் கட்டடத்துக்குள் தன் சொந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்து, உங்கள் கம்பியை பி.டி.யின் இயந்திரத்திலிருந்து கழற்றித் தன்னுடையதில் மாட்டிக்கொண்டது. அந்த இயந்திரத்துக்கு 18185-உம் தெரியாது, 1280-உம் தெரியாது. வாடிக்கையாளர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன: அதே கம்பி, அதே சுவர்ச் செருகி, அதே எண்.

என் வீட்டில் நடந்தது இந்த இரண்டாவது வகை. இணையமும் தொலைபேசியும் சேர்ந்து ஒரே விலை என்று சொன்ன ஒரு நிறுவனத்துக்கு மாறினேன். விற்பனைப் பிரிவில் பேசியவரிடம் குறியீட்டைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டேன். எதுவும் மாறாது என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் இருந்த அம்மாவை அழைக்கக் குறியீட்டை அழுத்தியபோது, எண் தவறு என்ற பதிவுக் குரல்தான் கேட்டது. அம்மாவின் குரலைக் கேட்காமல் அந்த நாள் முடியாது என்பதால், 00 91 431 என்று நேரடியாகவே அழைத்துப் பேசினேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே. தொகுப்புக் கட்டணம் உள்நாட்டு அழைப்புகளுக்கு மட்டுமே என்பதும், இந்தியாவுக்கு நிமிடக் கணக்கில் அந்த நிறுவனத்தின் சாதாரண விலை விழுகிறது என்பதும் பில் வந்த பிறகே தெரிந்தது. இணையத்தில் நான் சேமித்த தொகை முழுவதும் அதில் போய்விட்டது. அதே சமயம், வேறு நிறுவனத்துக்கு மாறிய என் தங்கை வீட்டில் அதே குறியீடு எந்தத் தடையுமின்றி வேலை செய்தது. அவளுடையது முதல் வகை இணைப்பு. ஓர் ஒப்பந்தம் முழுவதும் நான் அந்த நிறுவனத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று.

உங்கள் பெரியம்மாவுக்கு இந்த இரண்டு வகையுமே இனி வாய்ப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். பழைய செப்புக் கம்பித் தொலைபேசிச் சேவையைப் புதிதாக விற்பதை, பி.டி. குழுமத்தில் கம்பி வலையமைப்பைப் பராமரிக்கும் ஓபன்ரீச் நிறுவனம் 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. பழைய வலையமைப்பு முழுவதையும் 2027 ஜனவரிக்குள் மூடுவதாக அறிவித்திருக்கிறார்கள். எனவே இன்று நிறுவனம் மாறினால், தொலைபேசியை அகலப்பட்டை ரூட்டரில் செருகிப் பேசும் முறைக்கே மாற்றுவார்கள். அங்கே அழைப்பு எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்வது அந்த நிறுவனத்தின் சொந்தக் கணினிகள். வேறு நிறுவனத்துக்கு அழைப்பை ஒப்படைக்கும் குறியீடுகளை அவை பொதுவாக ஏற்பதில்லை. பி.டி.யிலேயே இருந்தாலும் இதே மாற்றம் வரும் என்பதால், குறியீட்டைக் காப்பாற்றுவதற்காக மட்டும் அதிக வாடகையில் தொடர்வதில் பயனில்லை.

நான் பரிந்துரைப்பது, குறியீட்டுக்குப் பதிலாக அணுகல் எண் தரும் சேவை ஒன்றைத் தேடுவது. இதில் முதலில் ஒரு சாதாரண உள்நாட்டு எண்ணை அழைக்க வேண்டும்; அது எடுத்ததும் யாழ்ப்பாணத்து எண்ணை, அதாவது 00 94 21 என்று தொடங்கும் முழு எண்ணை, அழுத்த வேண்டும். எந்த வீட்டு எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது என்பதை வைத்தே வாடிக்கையாளரை அடையாளம் காணும் சேவையாக இருந்தால் இரகசிய எண் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. அந்த அணுகல் எண் 020 போன்ற பகுதி எண்ணாகவோ 03-இல் தொடங்குவதாகவோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 03 எண்களுக்கும் 01, 02 எண்களுக்குரிய கட்டணமே என்பதால், பெரியம்மாவின் தொகுப்பில் உள்நாட்டு அழைப்புகள் அடங்கியிருந்தால் அணுகல் எண்ணை அழைப்பதற்குத் தனியாகச் செலவு இராது. 0844, 0871 எண்களைத் தவிர்த்துவிடுங்கள். 2015 ஜூலை 1 முதல் அவற்றுக்கு நம் தொலைபேசி நிறுவனத்தின் அணுகல் கட்டணம் ஒன்று, சேவைக் கட்டணம் ஒன்று என இரண்டும் சேர்ந்து விழுகின்றன. நிமிடத்துக்கு மிகக் குறைந்த விலை என்று விளம்பரப்படுத்தப்படும் சேவைகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

மாறும்போது பழைய எண்ணையே புதிய நிறுவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேளுங்கள், ஏனெனில் எண் மாறினால் அணுகல் சேவையிலும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். எண்ணை மறைக்கும் 141-ஐ முன்னால் அழுத்தும் பழக்கம் அவருக்கு இருந்தால் அதையும் சொல்லி நிறுத்த வேண்டும். மறைக்கப்பட்ட எண்ணைச் சேவையால் அடையாளம் காண முடியாது.

இன்னொன்று, எளிதில் மறந்துபோவது. வயதானவர்களின் தொலைபேசியில் பிள்ளைகள் யாராவது குறியீட்டோடு சேர்த்தே எண்களை நினைவகத்தில் பதிந்து கொடுத்திருப்பார்கள். பெரியம்மாவின் கருவியிலும் அப்படி இருக்கலாம். இணைப்பு மாறும் நாளில் யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் இருந்து, அந்தப் பதிவுகளை அழித்துவிட்டு, அணுகல் எண், ஓர் இடைநிறுத்தம், பின்னர் யாழ்ப்பாணத்து எண் என்ற வரிசையில் ஒரே பொத்தானில் பதிந்துவிட்டால், அவருக்கு முன்பு செய்ததைவிட இது எளிதாகவே இருக்கும். இடைநிறுத்தத்தின் நீளம் கருவிக்குக் கருவி மாறுவதால் இரண்டு மூன்று முறை சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அழைப்பு இணைந்துவிட்டது என்பதோடு விடாமல், அணுகல் சேவையின் கணக்கில் அந்த அழைப்பு பதிவாகியிருக்கிறதா என்றும் அன்றே பாருங்கள். நான் பார்த்திருந்தால் பில் வரும்வரை காத்திருந்திருக்க மாட்டேன்.