13 வயது நாய் திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது, வாதமா? ஊசி போட்டு முடித்துவிடலாமா?

கேட்டவர் சொன்ன விவரம் இது: திருவாரூர் பக்கம் வயலோர வீடு, 13 வயது நாட்டு நாய், இரவு வரை நன்றாக இருந்தது, காலையில் எழுந்ததும் இடது பக்கமாகவே சரிகிறது, தலை சாய்ந்திருக்கிறது, இரண்டு தரம் வாந்தி. பார்த்தவர்கள் எல்லாரும் வாதம் என்கிறார்களாம்.

ஊசி யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் உள்காது விஷயம். காதுக்குள்ளே உடம்பின் நிலையை மூளைக்குச் சொல்லும் உறுப்பு இருக்கிறது, ஒரு பக்கத்தது திடீரென்று வேலை செய்யாமல் போனால் நிற்கிற நாய்க்கே உலகம் சுற்றுவதாகப் படும், திருவிழா ராட்டினத்தில் இருந்து இறங்கின கணம் அப்படியே நீடித்தால் எப்படியிருக்கும், அப்படி. அதனால்தான் வாந்தியும். வயதான நாய்களுக்கு இது காரணமே பிடிபடாமல் வரும், வெஸ்டிபுலர் நோய் என்று டாக்டர்கள் சொல்வார்கள். முதல் இரண்டு நாள் பார்க்கவே பயமாக இருக்கும். பிறகு மூன்று நாளுக்குள் கொஞ்சம் தெளிய ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான நாய்கள் நடந்துவிடுகின்றன. தலை லேசாகச் சாய்ந்தபடியே நின்றுவிடலாம், அதனால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எங்கள் வீட்டு நாய்க்கும் இதே வந்தது. பக்கத்து வீட்டு மாமா வாசலில் நின்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார், "வாதம்தான் தம்பி, கஷ்டப்படுத்தாதீங்க" என்று. அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் கண்ணைப் பார்த்தார், பாதத்தை மடித்துப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், "சோறு ஊட்டுங்க, ரெண்டு வாரம் பொறுங்க" என்றார். அதற்கப்புறம் அது மாமாவின் கோழியைத் துரத்துகிற அளவுக்குத் தேறியது.

அந்த டாக்டர் பார்த்ததை நீங்களும் வீட்டில் பார்க்கலாம். கருவிழி தானாக அசைகிறதா என்று கவனியுங்கள், மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்து சட்டென்று மறுபக்கம் வெட்டும். பக்கவாட்டில் வெட்டினால் காதுக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம், மேலும் கீழுமாக அசைந்தால் மூளை சம்பந்தப்பட்டிருக்கலாம். அடுத்து, உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தை மடித்து அதன் மேல்புறம் தரையில் படுகிற மாதிரி வையுங்கள். உடனே திருப்பி ஊன்றினால் நல்லது, மடிந்தபடியே விட்டுவிட்டால் அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். இரண்டையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், மருத்துவமனை மேசையில் ஏற்றினதும் நாய் மிரண்டு விறைத்துக்கொள்ளும், அங்கே ஒன்றும் சரியாகத் தெரியாது.

நம் பக்கத்தில் இன்னொன்றை அவசியம் பார்க்க வேண்டும், வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற குறிப்புகளில் இது முன்னால் வராது. காது விஷயத்தில் காலில் வலு இருக்கும், நிலைதான் இருக்காது. வலுவே போய் பின்னங்கால் துவண்டு, இமை தொங்கி, குரைப்பு மாறி, மூச்சு திணறினால் பாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், கடித்த தடமே தெரியாமல் போகலாம், வீக்கமும் இருக்காது, வைக்கோல்போர் ஓரம் படுத்த நாய் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் நான் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன். இங்கே கிடைக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரிப்பதுதான், எந்தப் பாம்பு என்று தேடி நேரத்தை விடாதீர்கள். போகிற இடத்தில் மருந்து இருப்பு இருக்கிறதா என்று மட்டும் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அதே மாதிரி, புகையானுக்கோ இலைச்சுருட்டுப்புழுவுக்கோ மருந்து அடித்த வயலில் நாய் புரண்டு வந்து உடம்பை நக்கியிருக்கலாம், குருணை மருந்து கலந்த எதையாவது தின்றிருக்கலாம். எச்சில் கயிறாக ஒழுகும், கண்மணி புள்ளியாகச் சுருங்கும், தசை துடிக்கும், வயிற்றுப்போக்கு போகும். கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் உடம்பைக் கழுவி, மருந்து டப்பா கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். சில பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் போன்ற முறிவு உண்டு, டப்பாவைப் பார்த்தால் டாக்டருக்கு வேலை சுலபம். உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிற வேலை வேண்டாம், அதுவே தனி விஷம்.

தடுப்பூசி போடாத நாய், குணம் மாறி, தாடை தொங்கி, எச்சில் ஒழுகித் தள்ளாடினால் வாய்க்குள் கையை விடவே கூடாது, வெறிநோயாக இருக்கலாம். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, நாய்க்கு முன்னால் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈறு வெளுத்து, உண்ணி அப்பியிருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ரத்தம் குறைந்த நாயும் தள்ளாடும்.

சரி, உங்கள் நாய்க்கு வருகிறேன். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், காதுக்குள் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வாய்க்காலில் நீந்துகிற நாய்க்கு நடுக்காதில் சீழ் பிடித்தும் இப்படி வரும், அது மருந்தில் தீரும். அதுவரைக்கும் பூண்டு காய்ச்சின எண்ணெய், வீட்டில் மிச்சமிருக்கிற காதுச் சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகளே உள்காதைக் கெடுத்துவிடும். பாரசிட்டமாலும் வேண்டாம். மடித்த சாக்கின் மேல் படுக்க வையுங்கள், திண்ணை, படிக்கட்டு, கிணறு, குளம் பக்கம் விடாதீர்கள், ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும், கண்ணால் பார்த்துத்தான் இப்போது அது தன்னை நிறுத்திக்கொள்கிறது. தூக்கிக்கொண்டு அலையாமல், தூக்கினாலும் மெதுவாக, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தண்ணீரையும் கஞ்சியையும் வாயருகே நீட்டுங்கள், தானாக நக்கட்டும், வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே இறங்கவில்லை என்றால் டிரிப் ஏற்ற வேண்டும்.

உள்ளூரில் முடியாது என்றால் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண் ஆடுமாடுகளை முன்னிட்டு வந்தது, கேட்டுப் பார்க்கலாம், பாம்புக்கடிக்கு மட்டும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வரி. நாய்க்கு உண்ணிக்காகப் போடுகிற பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவினால் நடுங்கித் தள்ளாடி உயிரே போகலாம். பச்சை மீனையே தின்று வளர்கிற பூனைக்கு பி1 சத்து குறைந்து கழுத்து கீழே மடங்கித் தள்ளாட்டம் வரும், மீனை வேகவைத்துப் போடுங்கள்.

நாலாம் நாளும் துளி முன்னேற்றம் இல்லை, அல்லது மந்தமாகிக்கொண்டே போகிறது, வலிப்பு வருகிறது, பாதத்தைத் திருப்பி ஊன்ற மாட்டேன் என்கிறது என்றால் மறுபடி காட்டுங்கள். ஊசியைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் அப்போது டாக்டரோடு பேசலாம், இன்றைக்கு இல்லை.