சுப்பிரமணியன் என்ற பெயரில் வரலாற்றில் புகழ்பெற்றவர்கள் யார் யார்?

செம்பூர் முருகன் கோயில் படியில் நின்று “மணி!” என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். என் மகனும் சுப்பிரமணியன்தான். அவனுக்கு நான் முதலில் சொன்னது ஜி. சுப்பிரமணிய ஐயரைப் பற்றி. 1885 டிசம்பரில் இதே மும்பையில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர். 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார். அதே ஆண்டு எட்டயபுரத்தில் பிறந்த இன்னொரு சுப்பிரமணியனை 1904இல் அந்தப் பத்திரிகைக்கு உதவி ஆசிரியராக அழைத்து வந்தார். அவர்தான் பாரதி! நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

1983இல் இயற்பியல் நோபல் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவர் பெயர் சந்திரசேகர். முன்னால் நிற்பது அப்பா பெயர். இங்கே பள்ளி விண்ணப்பத்தில் என் மகனுக்கும் அப்படித்தான் என் பெயர் முதல் பெயராகிவிட்டது.