பூங்காவுக்குக் கட்டணம் இல்லை, 300 வெள்ளி போதுமா?

கேள்வி: நானும் கணவரும் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். பள்ளி விடுமுறையில் பத்து வயது மகளையும் ஆறு வயது மகனையும் மூன்று நாள் கோலாலம்பூருக்கு அழைத்துப் போகிறோம். செந்தூலில் அண்ணன் வீட்டில் தங்குவோம். போக வர ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கையில் 300 வெள்ளி இருக்கிறது. கட்டணம் இல்லாத பூங்காக்களுக்கு மட்டுமே போவதாகத் திட்டம். ஆனாலும் பணம் பத்தாது, ஊழியர் சேமநிதியிலிருந்து (இபிஎஃப்) 500 வெள்ளி எடுத்துக்கொள்வோம் என்கிறார் கணவர். அவருக்கு வயது 38. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. 300 வெள்ளியே போதும். ஆனால் அந்தப் பணம் எங்கெங்கே கரையும் என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

முதலில் சேமநிதி. சேமநிதியில் 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கிலிருந்து 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கைபேசியிலேயே விண்ணப்பித்துவிடலாம் என்பதால் அது சம்பளத்தின் இன்னொரு பங்கு போலத் தோன்றும். அந்தக் கணக்குக்கும் மற்றக் கணக்குகளுக்குக் கிடைக்கும் அதே லாப ஈவுதான். ஆண்டுக்கு 5 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும், இன்று எடுக்காமல் விட்ட 500 வெள்ளி உங்கள் கணவருக்கு 55 வயதாகும்போது சுமார் 1,146 வெள்ளியாகியிருக்கும். வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் திடீரென்று நின்றுவிட்டாலோ, வீட்டில் யாராவது படுத்துவிட்டாலோ அந்தக் கணக்கைத் தொடுங்கள். சுற்றுலாவுக்குத் தொட வேண்டாம்.

300 வெள்ளியை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். நகருக்குள் கொமுட்டர் என்ற புறநகர் ரயில், எல்ஆர்டி என்ற நகர ரயில் செலவுக்கு 60. சாப்பாட்டுக்கு நாளுக்கு 35 வீதம் 105. அண்ணன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகும் சாமான்களுக்கு 50. தங்க இடமும் இரண்டு வேளைச் சோறும் தருகிறவர்களுக்கு இதைக் குறைக்காதீர்கள். பிள்ளைகள் கையில் ஆளுக்கு 15 வீதம் 30. மீதி 55 மழைக்கும் எதிர்பாராத செலவுக்கும். ஐந்து உறைகளில் போட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

பூங்கா வாசலில் காசு கேட்க மாட்டார்கள். காசு போவது தண்ணீரில்தான். வெளியே ஒரு பாட்டில் இரண்டரை வெள்ளி என்று வைத்தாலும், நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் நாளுக்கு 20 வெள்ளி, மூன்று நாளில் 60. ஒன்றரை லிட்டர் பாட்டில்கள் மூன்றைச் செந்தூல் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டால் அந்த 60 உங்களிடமே இருக்கும். காலையில் வீட்டில் பசியாறிவிட்டு, மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் நாலைந்து மணி நேரம் ஆனாலும் அது கெடாது. தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு புளித்துப் போகும்.

மூன்று நாளுக்கு மூன்று இடம் போதும். செந்தூல் கொமுட்டர் நிலையத்திலிருந்து பத்துமலைக்கு நேர் ரயில் உண்டு. 272 படி ஏறக் கட்டணம் இல்லை. ஆனால் கீழே உள்ள வேறு சில குகைகளுக்கு டிக்கெட் வாங்க வேண்டும், அதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெயில் ஏறும் முன் படி ஏறி இறங்கிவிடுவது நல்லது. சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டுப் போனால் குரங்கு பிடுங்கிவிடும், கட்டுச்சோறும் போய் கடைச் சாப்பாட்டுக்கும் பணம் போகும். எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். அன்று மாலை மழை இல்லையென்றால் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குப் போகலாம். செந்தூலிலிருந்து எல்ஆர்டியில் அடுத்த நிலையம்தான், அங்கிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும்.

அடுத்த நாள் லேக் கார்டன், அதாவது பெர்டானா தாவரவியல் பூங்கா. 1888-இல் தொடங்கிய பழைய பூங்கா, 90 ஹெக்டருக்கு மேல் பரப்பு. கொமுட்டரில் பழைய கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கி, தேசியப் பள்ளிவாசல் பக்கமாக நடங்கள். ஏரி, நிழல், விளையாட்டுத் திடல், பக்கத்திலேயே தேசிய நினைவுச் சின்னம் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கலாம். பறவைப் பூங்காவும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் அப்படியல்ல. நான்கு பேர் நுழைந்தால் உங்கள் உறைகளில் நல்ல பங்கு காலி. வாசலில் நின்று பிள்ளையை அழவிடுவதைவிட, எதற்குப் போகிறோம், எதற்குப் போகவில்லை என்று முந்தின இரவே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, கேஎல்சிசி பூங்கா. செந்தூலிலிருந்து எல்ஆர்டியில் மஸ்ஜிட் ஜாமெக் போய் ரயில் மாறினால் இரட்டைக் கோபுரத்துக்குக் கீழேயே இறங்கலாம். 50 ஏக்கர் பூங்கா, சிறுவர்கள் இறங்கி விளையாட ஆழமில்லாத நீர்க்குளம், இரவில் விளக்கொளியில் ஆடும் நீரூற்று. பராமரிப்புக்காகத் திங்கள்கிழமை குளத்தை மூடிவிடுவார்கள், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். மாற்றுத்துணியும் துண்டும் எடுத்துப் போகாத குடும்பம் நனைந்த பிள்ளையோடு பக்கத்துப் பேரங்காடிக்குள் போய் 40, 50 வெள்ளிக்கு உடுப்பு வாங்கும். மழையும் அந்தப் பேரங்காடிக்குள்தான் தள்ளும். பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்கு மேல்தான் இடி மழை வரும். மழை விடும்வரை உள்ளே போய் உட்காருங்கள், அதற்குக் காசில்லை. இரண்டு பெரிய குடையும் ஒரு பொட்டலம் முறுக்கும் பையில் இருந்தால் கடைப்பக்கம் போகவே வேண்டாம்.

போக்குவரத்து அட்டை பற்றி ஒன்று. எல்ஆர்டி, எம்ஆர்டிக்கான மூன்று நாள் பாஸ் மலிவுதான், ஆனால் கொமுட்டருக்கு அது செல்லாது. உங்கள் பயணத்தில் இரண்டு நாள் கொமுட்டர் என்பதால் உங்களுக்கு லாபமில்லை. பணம் ஏற்றித் தட்டும் டச் என் கோ அட்டை ஒன்றையே நான்கு பேருக்குத் தட்டவும் முடியாது. அட்டை இல்லாதவர்களுக்கு எல்ஆர்டி இயந்திரத்தில் டோக்கன் எடுங்கள். கேஎல்சிசியிலிருந்து புக்கிட் பிந்தாங் பார்க்க ஆசையென்றால் கோகேஎல் என்ற நகரப் பேருந்தில், பச்சை வழியில் ஏறுங்கள், மலேசியர்களுக்கு அது இலவசம். அடையாள அட்டைகளை, பிள்ளைகளுடையதையும் சேர்த்து, மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஊர் திரும்பிய அன்றே உறைகளில் மிஞ்சியதை எண்ணிப் பாருங்கள். அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு, அடுத்த விடுமுறை வரை மாதம் 25 வெள்ளி சேர்த்துக்கொண்டே வாருங்கள். பறவைப் பூங்காவுக்கு அப்போது போகலாம் என்று இப்போதே மகனிடம் சொல்லிவைக்கலாம்.